விவியன் லீ: உதகை முதல் ஆஸ்கர் மேடை வரை... நோயோடு போராடிய பிரிட்டிஷ் நடிகையின் வாழ்க்கைப் பயணம்

டார்ஜிலிங்கில் பிறந்து, நீலகிரியில் மழலைப் பருவத்தைக் கழித்து, இரண்டு முறை ஆஸ்கர் விருது வென்ற விவியன் லீயின் திரைப்பயணத்தில் இலங்கையில் நடந்த ஒரு படப்பிடிப்பு பெரும் திருப்பமாக அமைந்தது. அவரது வாழ்க்கையையும் கலையையும் விரிவாகக் காண்போம்.

ஹைதராபாத்: உலகத் திரைப்பட வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட பெண் கதாபாத்திரங்களுள் ஒன்று, 1939-ஆம் ஆண்டு வெளியான 'கான் வித் தி விண்ட்' திரைப்படத்தின் ஸ்கார்லெட் ஓஹாரா. அமெரிக்கத் தென்மாநிலப் பெண்ணான அக்கதாபாத்திரத்தை ஏற்று நடித்தவர் பிரிட்டிஷ் நடிகை விவியன் லீ. அவர் பிறந்தது இந்தியாவில் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால், அவரது குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி இன்றைய தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் கழிந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு.

அழகி, ஆஸ்கர் நாயகி, நடிகர் லாரன்ஸ் ஒலிவியரின் மனைவி என்ற அடையாளங்களால் மட்டுமே அவர் நீண்டகாலம் நினைவுகூரப்பட்டார். முறையான மருந்து பரவலாகக் கிடைக்காத காலத்தில், தீவிர மனநோயையும் காசநோயையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு இறுதிவரை உழைத்த கலைஞர் என்பதே அவரைப் பற்றிய முழுமையான சித்திரம்.

டார்ஜிலிங்கில் பிறப்பு, உதகையில் முதல் மேடை:

விவியன் மேரி ஹார்ட்லி என்ற இயற்பெயர் கொண்ட இவர், 1913-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி டார்ஜிலிங்கில் பிறந்தார். தந்தை எர்னஸ்ட் ஹார்ட்லி, கல்கத்தாவில் பங்குத் தரகராகப் பணியாற்றிய ஆங்கிலேயர். தாய் கெர்ட்ரூட், கத்தோலிக்க சமயப் பற்று மிகுந்தவர்.

முதல் உலகப்போரின்போது, 1917-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஹார்ட்லி குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டார். தாயும் மகளும் உதகமண்டலத்தில் தங்கினர். செகந்திராபாத்தின் லாலாகுடா போன்ற ரயில்வே குடியிருப்புகள் முதல் நீலகிரியின் மலைவாழிடங்கள் வரை, ஆங்கிலேயக் குடும்பங்கள் வாழ்ந்த இடங்களில் பொழுதுபோக்கு நாடகங்கள் அரங்கேறுவது அன்றைய வழக்கம். கெர்ட்ரூடும் அத்தகைய நாடகக் குழு ஒன்றில் ஈடுபட்டிருந்தார். அக்குழுவுக்காக மூன்று வயதுச் சிறுமி விவியன் மேடையேறி, ஆங்கிலக் குழந்தைப் பாடல் ஒன்றை ஒப்புவித்தார். அதுவே அவரது முதல் மேடை அனுபவம்.

ஆனால், அந்த வாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர்கள் தங்கள் பிள்ளைகளைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த வழக்கப்படி, 1920-ஆம் ஆண்டில் ஆறு வயது விவியன் லண்டன் ரோஹாம்ப்டனில் உள்ள கன்னியர் மடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கு அவருடன் பயின்றவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஹாலிவுட் நடிகையாகப் புகழ்பெற்ற மொரீன் ஓ'சல்லிவன். பெரிய நடிகையாக வேண்டும் என்ற தன் கனவை விவியன் அவரிடம்தான் பகிர்ந்துகொண்டார்.

விவியன் லீ என்ற பெயர் வந்தது எப்படி?

ஐரோப்பிய நாடுகளில் கல்வி பயின்று 1931-ஆம் ஆண்டில் இங்கிலாந்து திரும்பிய விவியன், லண்டனில் உள்ள ராயல் நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1932-ஆம் ஆண்டு டிசம்பரில் வழக்கறிஞர் ஹெர்பர்ட் லீ ஹோல்மனை மணந்தார். அடுத்த ஆண்டு அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணவரின் பெயரில் இருந்த 'லீ'யைத் தன் மேடைப் பெயராக அவர் ஏற்றுக்கொண்டார். முதற்பெயரின் ஆங்கில எழுத்துகளில் செய்யப்பட்ட சிறு மாற்றம், நாடகத் தயாரிப்பாளர் சிட்னி கரோலின் யோசனை.

1935-ஆம் ஆண்டு மேடையேறிய 'தி மாஸ்க் ஆஃப் வர்ச்யூ' நாடகம் விவியனை ஒரே இரவில் லண்டன் நாளேடுகளின் பேசுபொருளாக்கியது. அதைத் தொடர்ந்து தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா அவரைத் திரைப்படங்களுக்கு ஒப்பந்தம் செய்தார். 1937-ஆம் ஆண்டு வெளியான 'ஃபயர் ஓவர் இங்கிலாந்து' படத்தில் லாரன்ஸ் ஒலிவியருடன் இணைந்து நடித்தார். இருவருமே அப்போது திருமணமானவர்கள். மணமுறிவுகளுக்குப் பின்னர், 1940-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் அவர்கள் மணம் புரிந்துகொண்டனர்.

ஸ்கார்லெட்டைத் தேடிய ஹாலிவுட்:

மார்கரெட் மிட்செலின் புகழ்பெற்ற நாவலைப் படமாக்கும் உரிமையை வாங்கிய தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், ஸ்கார்லெட் வேடத்திற்காக ஏறத்தாழ 1,400 பெண்களைப் பரிசீலித்ததாகக் கூறப்படுகிறது. நாயகி முடிவாகாத நிலையிலேயே, 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி இரவு அட்லாண்டா நகரம் பற்றி எரியும் காட்சி படமாக்கப்பட்டது. அந்தத் தீயின் வெளிச்சத்தில், செல்ஸ்னிக்கின் சகோதரர் மைரன் செல்ஸ்னிக் விவியனை அழைத்து வந்து, 'இதோ உங்கள் ஸ்கார்லெட்' என்ற பொருளில் அறிமுகம் செய்தார் என்பது ஹாலிவுட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எனினும், விவியன் நடித்த படங்களைச் செல்ஸ்னிக் அதற்குப் பல மாதங்கள் முன்னரே பார்த்திருந்தார்.

படப்பிடிப்பு எளிதாக அமையவில்லை. இயக்குநர் ஜார்ஜ் கியூகோர் பாதியில் நீக்கப்பட்டு, விக்டர் ஃபிளெமிங் பொறுப்பேற்றார். விவியனும் சக நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டும் கியூகோரைத் தனியே சந்தித்துத் தங்கள் கதாபாத்திரங்கள் குறித்து ஆலோசனை பெற்றுவந்தனர்.

ஊதியத்திலும் பெரும் வேறுபாடு நிலவியது. 125 நாள்கள் பணியாற்றிய விவியனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25,000 டாலர். 71 நாள்கள் பணியாற்றிய நாயகன் கிளார்க் கேபிள் பெற்றது 1,20,000 டாலருக்கும் மேல்.

1940-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற விழாவில் விவியன் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை வென்றார். அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்று, ஆஸ்கர் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். ஆனால், நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சியில் மெக்டேனியலால் பங்கேற்க முடியவில்லை. அடிமைமுறை நிலவிய காலத்தை அழகுபடுத்திக் காட்டுகிறது என்ற விமர்சனத்தை இப்படம் இன்றும் எதிர்கொள்கிறது.

இரண்டாவது ஆஸ்கரும் அதற்குக் கொடுத்த விலையும்:

இரண்டாம் உலகப்போரின்போது, 1943-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் முகாமிட்டிருந்த படைவீரர்களுக்காக விவியன் நிகழ்ச்சிகள் நடத்தினார். நாடு திரும்பிய பின் விடாத இருமலும் காய்ச்சலும் தொடர்ந்தன. அவரது நுரையீரலில் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. 'சீசர் அண்ட் கிளியோபாட்ரா' படப்பிடிப்பின்போது கருச்சிதைவும் ஏற்பட்டது. இக்காலகட்டத்திலேயே கடும் மனச்சோர்வும், அளவு கடந்த கிளர்ச்சியும் மாறி மாறி வரத் தொடங்கின.

டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகம் 1949-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஒலிவியரின் இயக்கத்தில் மேடையேறியது. மனம் சிதைந்து போகும் பிளான்ச் டுபுவா என்ற பெண்ணாக விவியன் 326 காட்சிகளில் நடித்தார். பின்னர் எலியா கஸான் இயக்கிய திரைப்படத்திலும் மார்லன் பிராண்டோவுடன் அதே வேடத்தை ஏற்றார். 1951-ஆம் ஆண்டு வெளியான அப்படம் அவருக்கு இரண்டாவது ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. அந்த வேடமே தன்னை மனநோயின் விளிம்பைத் தாண்டச் செய்தது என்று விவியன் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

இலங்கையில் முறிந்த படப்பிடிப்பு:

1953-ஆம் ஆண்டு தொடக்கத்தில், 'எலிஃபெண்ட் வாக்' திரைப்படத்திற்காக விவியன் இலங்கை சென்றார். தேயிலைத் தோட்ட உரிமையாளரை மணந்து இலங்கைக்கு வரும் ஆங்கிலேயப் பெண்ணின் கதை அது. யானைகள் தொன்றுதொட்டுக் கடந்து செல்லும் வழித்தடத்தை மறித்துக் கட்டப்பட்ட மாளிகையே கதையின் களம். பீட்டர் ஃபின்ச் உடன் நடித்தார். வில்லியம் டீட்டர்லே இயக்கினார்.

இலங்கையில் விவியனின் உடல்நிலை சீர்குலைந்தது. உறக்கம் அற்றுப்போனது; மனப்பிரமைகள் தோன்றின. படக்குழுவினர் எஞ்சிய காட்சிகளுக்காக ஹாலிவுட் திரும்பியபோது நிலைமை மேலும் மோசமடைந்தது. பாரமவுண்ட் நிறுவனம் அவரை விடுவித்து, எலிசபெத் டெய்லரை ஒப்பந்தம் செய்தது. மயக்க மருந்து செலுத்தப்பட்ட நிலையில் விவியன் இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டு, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1954-ஆம் ஆண்டு வெளியான அப்படத்தில், இலங்கையில் தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட சில காட்சிகளில் இன்றும் காணப்படுபவர் விவியன் லீயே.

நோய் என்ன? அன்றைய சிகிச்சை என்ன?

மிகையான உற்சாகமும் ஆழ்ந்த மனச்சோர்வும் சுழற்சியாக வரும் இந்நோய், இன்று இருமுனையப் பிறழ்வு என்று அழைக்கப்படுகிறது. அன்று விவியனுக்குப் பெரும்பாலும் அளிக்கப்பட்டது மின்னதிர்வு சிகிச்சை. நோய் தணிந்ததும், கிளர்ச்சி நிலையில் தான் பேசியவற்றுக்காகப் பிறரிடம் வருத்தம் தெரிவிப்பது அவரது வழக்கம் என்று நண்பர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்நோய்க்கு லித்தியம் பயன்தரும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். ஆயினும், அமெரிக்காவில் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1970-ஆம் ஆண்டில்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விவியன் மறைந்துவிட்டார். மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை அளிப்பதை, இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

மேடையை விட்டு விலகாத கலைஞர்:

இலங்கைச் சம்பவத்துடன் விவியனின் கலைவாழ்வு முடிந்துவிடவில்லை. 1955-ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கில் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களில் ஒலிவியருடன் நடித்தார். அவரது நடிப்பைக் கடுமையாகச் சாடிய விமர்சகர் கென்னத் டைனன், விவியனின் மறைவுக்குப் பின், லேடி மக்பெத் வேடம் குறித்த தன் கருத்து பெரும் பிழை என ஒப்புக்கொண்டார்.

லண்டனின் தொன்மையான செயின்ட் ஜேம்ஸ் அரங்கத்தை இடிக்கும் திட்டத்துக்கு எதிராக 1957-ஆம் ஆண்டில் வீதியில் இறங்கிப் போராடினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில், பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்து குரல் கொடுத்ததால் வெளியேற்றப்பட்டார். அரங்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

1960-ஆம் ஆண்டில் ஒலிவியருடனான மணவாழ்வு முடிவுக்கு வந்தது. பின்னர் நடிகர் ஜாக் மெரிவேல் அவருக்குத் துணையாக இருந்தார். 1963-ஆம் ஆண்டில் 'டோவரிச்' இசை நாடகத்திற்காக அமெரிக்க நாடக உலகின் உயரிய டோனி விருதை வென்றார். 1965-ஆம் ஆண்டு வெளியான 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' அவரது கடைசித் திரைப்படம்.

மறைவும் நினைவும்:

1967-ஆம் ஆண்டில், புதிய நாடகம் ஒன்றிற்கான தயாரிப்பில் இருந்தபோது காசநோய் மீண்டும் தீவிரமடைந்தது. ஜூலை 8-ஆம் தேதி லண்டன் ஈட்டன் சதுக்கத்தில் உள்ள இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 53. அவருக்கு அஞ்சலி செலுத்தும் வகையில் லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்கங்களின் வெளிவிளக்குகள் ஒரு மணி நேரம் அணைக்கப்பட்டன. அவரது அஸ்தி, சசெக்ஸில் அவர் வாழ்ந்த டிக்கரேஜ் மில் இல்லத்தின் ஏரியில் கரைக்கப்பட்டது.

அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட தலைசிறந்த திரை நட்சத்திரங்களின் பட்டியலில், நடிகைகளுள் அவர் 16-ஆவது இடம் பெற்றார். நூற்றாண்டான 2013-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவரது உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அவரது கடிதங்களும் நாட்குறிப்புகளும் அடங்கிய ஆவணத் தொகுப்பை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதே ஆண்டில் பெற்றுக்கொண்டது.

நடித்தவை ஏறத்தாழ இருபது படங்களே. அவற்றுள் இரண்டு கதாபாத்திரங்கள் உலகத் திரை வரலாற்றில் நிலைபெற்றுவிட்டன. அவரைத் தாக்கிய நோய்களுள் காசநோயை, உரிய காலம் முழுவதும் மருந்து உட்கொண்டால் இன்று குணப்படுத்த முடியும். காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றுக் குணமடையலாம் என்பதை 1959-ஆம் ஆண்டில் உலகுக்கு நிறுவியது சென்னையில் நடந்த ஆய்வே. இருமுனையப் பிறழ்வையும் தொடர் சிகிச்சையால் கட்டுப்பாட்டில் வைத்திருக்கலாம். விவியனுக்குக் கிடைக்காத இந்த வாய்ப்பு இன்று அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.

(மனநலம் தொடர்பான ஆலோசனைக்கு, மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்நேரமும் தொடர்பு கொள்ளலாம். தமிழிலும் பேசலாம்.)