ஹென்றி ஜான்சனின் காயங்களும் ஒரு படைவிலகல் சான்றும்

1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூ வழியே 369ஆம் காலாட்படை ரெஜிமென்ட் வெற்றி அணிவகுப்பு நடத்தியது. ஏறத்தாழ 3,000 கறுப்பின வீரர்கள் பிரெஞ்சு மண்ணிலிருந்து திரும்பியிருந்தனர். மற்றவர்கள் நடந்து வர, சார்ஜன்ட் ஹென்றி ஜான்சன் திறந்த காரில் நின்றவாறு, கையிலிருந்த மலர்க்கொத்தை அசைத்துக்கொண்டு வந்தார். அவரது இடது பாதத்தில் நொறுங்கிய எலும்புகளுக்குப் பதிலாக உலோகத் தகடு வைக்கப்பட்டிருந்தது. உடலில் 21 காயங்களின் தழும்புகள் இருந்தன. அமெரிக்கச் செய்தித்தாள்களைப் படிக்கும் எவருக்கும் அந்தக் காயங்களின் கதை தெரியும். ஆனால் அம்மாதம் அவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது எழுதப்பட்ட பதிவில், அவர் காயமுற்றதாக ஒரு குறிப்பும் இல்லை.

ஒரு படைவீரனின் சேவைப்பதிவில் காயம் விடுபட்டுப்போவதும், அதைத் திருத்தப் பல பத்தாண்டுகள் ஆவதும் அமெரிக்க இராணுவ வரலாற்றில் அரிதானவை அல்ல. இருப்பினும் ஜான்சன் வழக்கு தனித்த கவனத்துக்குரியது. வழக்கமாக இத்தகைய வழக்குகளில் சாட்சிகள் இறந்திருப்பர், அல்லது நிகழ்வே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். இங்கே நிகழ்வை உலகமே அறிந்திருந்தது. அதைப் பதிய வேண்டிய ஒரு தாள் மட்டும் அறியவில்லை.

ஜான்சன் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகர ரயில் நிலையத்தில் போர்ட்டராக வேலை பார்த்தவர். உயரம் 5 அடி 4 அங்குலம். 1917 ஜூனில் 15ஆம் நியூயார்க் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். அதுவே பின்னர் 369 என்னும் எண்ணைப் பெற்றது. 1918 தொடக்கத்தில் பிரான்சில் இறங்கிய இப்பிரிவை அமெரிக்கத் தலைமை முதலில் மூட்டை இறக்கவும் சாலை போடவும் பயன்படுத்தியது. வெள்ளை வீரர்களோடு ஒரே போர்முனையில் கறுப்பினத்தவரை நிறுத்த விரும்பாத நிலையில், தளபதி பெர்ஷிங் இந்த ரெஜிமென்ட்டைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார். பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சு உணவு, அமெரிக்கச் சீருடை என்று ஒரு விசித்திரக் கலவையாக அவர்கள் போர்முனைக்குச் சென்றனர். இந்த ஒப்படைப்பை நினைவில் வைத்திருப்பது நல்லது. பதிவுகளின் கதைக்கு அது தேவைப்படும்.

1918 மே 14 இரவு, ஆர்கோன் காட்டுப் பகுதியை ஒட்டிய ஒரு முன்னணிக் காவல் அரணில் ஜான்சனும் நியூஜெர்சியைச் சேர்ந்த நீதம் ராபர்ட்ஸும் காவலிருந்தனர். நள்ளிரவுக்குப் பின் கம்பிவேலியை வெட்டும் ஓசை கேட்டது. ஜெர்மானியத் தாக்குதல் குழுவில் குறைந்தது 12 பேர் இருந்தனர். அதைவிட இருமடங்கு என்பாரும் உண்டு. தொடக்கத்திலேயே கைக்குண்டு வெடித்து ராபர்ட்ஸ் வீழ்ந்தார். தம்மிடமிருந்த கைக்குண்டுகள் தீர்ந்தபின் ஜான்சன் துப்பாக்கியை எடுத்தார். அது பிரெஞ்சுத் துப்பாக்கி. அவசரத்தில் உள்ளே செருகியதோ அமெரிக்கத் தோட்டாக் கோப்பு. துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதன் அடிக்கட்டையால் அடித்தார், கட்டை பிளந்தது. ராபர்ட்ஸைக் கைதியாகத் தூக்கிச் செல்ல முயன்றவர்கள் மீது போலோ கத்தியுடன் பாய்ந்தார். எஞ்சிய ஜெர்மானியர் பின்வாங்கும்வரை அவர் நின்று போரிட்டார். பிறகே மயங்கி விழுந்தார்.

விடிந்ததும் மேஜர் ஆர்தர் லிட்டில் அவ்விடத்தை ஆராய்ந்தார். குருதித் தடங்களையும், எதிரிகள் விட்டுச்சென்ற ஆயுதங்களையும், கம்பி வெட்டும் கருவிகளையும் கொண்டு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கணிக்க முயன்றார். இருவருக்கும் பிரெஞ்சு அரசு தன் போர்ச் சிலுவையான ‘க்ருவா த கேர்’ பதக்கத்தை வழங்கியது. ஜான்சனுக்குரியதில் பொன் பனையோலைச் சின்னமும் சேர்ந்திருந்தது. போர்முனைக்கு வந்திருந்த அமெரிக்கச் செய்தியாளர்கள் இச்சம்பவத்தை ‘ஹென்றி ஜான்சனின் போர்’ என்று எழுதிப் பரப்பினர். ரெஜிமென்ட்டின் கர்னல் வில்லியம் ஹேவர்ட், காயங்களை விவரித்து ஜான்சனின் மனைவிக்குக் கடிதம் எழுதினார். போர்ச் செலவுக்கான சேமிப்பு முத்திரைகளை விற்க அரசே ஜான்சன் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தியது.

இத்தனை தாள்களில் அவர் காயம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் ஓய்வூதியம், உதவித்தொகை, மருத்துவம் ஆகியவற்றை முடிவு செய்யும் அலுவலர் முதலில் பார்ப்பது செய்தித்தாளையோ விளம்பரத்தையோ அன்று. 1917 அக்டோபரில் திருத்தப்பட்ட போர்க்காப்பீட்டுச் சட்டம், பணியில் நேர்ந்த காயத்தால் உழைக்கும் ஆற்றல் குன்றியவருக்கு மாத உதவித்தொகை பெறும் உரிமையை அளித்திருந்தது. அந்த உரிமையின் முதற்படி சேவைப்பதிவு. ஜான்சன் பழைய போர்ட்டர் வேலைக்குத் திரும்ப முயன்றார். உலோகத் தகடு வைத்த காலோடு பிறர் பெட்டிகளைச் சுமக்க இயலவில்லை.

இவ்விடத்தில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கூற்றைச் சரிசெய்ய வேண்டும். பதிவில் காயம் இல்லாததால் 1919-இல் ஜான்சனுக்குப் ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் மறுக்கப்பட்டது என்று பல கட்டுரைகள் கூறுகின்றன. அன்று அப்படி ஒரு பதக்கமே இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1782-இல் ஏற்படுத்திய ஊதா நிறத் துணிப் பட்டயம் ஒன்றரை நூற்றாண்டு வழக்கொழிந்து கிடந்தது. அவரது 200ஆம் பிறந்தநாளான 1932 பிப்ரவரி 22 அன்றுதான் டக்ளஸ் மக்கார்தர் அதைப் புதுப்பித்தார். 1918-இல் காயமுற்றவருக்குக் கிடைத்தது வலது முன்கைச் சட்டையில் தைக்கும் பொன்னிற ‘வி’ வடிவப் பட்டை மட்டுமே. 1932-க்குப் பின் அப்பட்டை உடையவர்கள் விண்ணப்பித்துப் பதக்கத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்றானது. ஜான்சன் 1929 ஜூலையிலேயே இறந்துவிட்டார். போரில் இறந்தவர்களுக்கும் இப்பதக்கத்தை வழங்கும் வழி 1942-இல்தான் திறந்தது. பதக்க மறுப்பு என்று சொல்வதால் கதை எளிதாகிறது. ஆனால் நேர்ந்த அநீதியின் இயல்பு மறைந்துபோகிறது. எந்த அதிகாரியும் விண்ணப்பத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுத வேண்டிய தேவையே எழவில்லை. எழுதப்படாத ஒரு வரி அந்த வேலையைச் செய்து முடித்தது.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஜான்சன் எந்த உதவியும் பெறாமல் இறந்தார் என்பதும் முழு உண்மையன்று. படைவீரர் நலத்துறையின் பிற்கால ஆவணங்களின்படி, 1927-இல் அவர் நிரந்தர முழு இயலாமை உடையவராக ஏற்கப்பட்டார். காரணமாகக் குறிக்கப்பட்டது காசநோய். 21 காயங்கள் அரசுத் தாளில் இடம்பெறாத நிலையில், நுரையீரல் நோய் இடம்பெற்றது என்பதே கவனிக்கத்தக்கது.

அவ்வரி ஏன் விடுபட்டது? நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லில் விடையை முடிப்பவர்கள் தவறிழைக்கவில்லை. ஆனால் அந்த வெறி எவ்வழியாகச் செயல்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ரெஜிமென்ட்டைப் பிரெஞ்சுப் படையிடம் தள்ளிவிட்ட முடிவே, அவ்வீரர்களைப் பற்றிய தாள்களையும் இரு நாட்டு நிர்வாகங்களுக்கு இடையே சிதற விட்டிருக்கக்கூடும். பிரெஞ்சுத் தலைமையின் கீழ் போரிட்டு, பிரெஞ்சுப் பதக்கம் பெற்ற ஒருவரது காயம் அமெரிக்கக் கோப்பில் தானாக வந்து சேர்ந்துவிடாது. யாரேனும் முனைந்து சேர்க்க வேண்டும். அந்த முனைப்பு கறுப்பின வீரர் ஒருவருக்காக எடுக்கப்படவில்லை. முதல் உலகப்போரில் போரிட்ட கறுப்பின வீரர் எவருக்கும் அமெரிக்காவின் உயரிய ‘மெடல் ஆஃப் ஹானர்’ அக்காலத்தில் வழங்கப்படவில்லை என்பதையும் சேர்த்து நோக்கலாம். ஃப்ரெடி ஸ்டவர்ஸ் என்பவருக்கு 1991-இல் வழங்கப்பட்டதே முதல்.

ஜான்சன் வாய் திறந்து பேசியதும் உண்டு. 1919 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரில் சொற்பொழிவாற்ற அழைக்கப்பட்டபோது, எதிர்பார்க்கப்பட்ட வீரக்கதையைக் கூறாமல், கறுப்பின வீரர்களுடன் பதுங்குகுழியைப் பகிர மறுத்த வெள்ளை வீரர்களைப் பற்றிப் பேசினார். அதன்பின் மேடை அழைப்புகள் நின்றன. படையிலிருந்து விலகியபின் அனுமதிக்கப்பட்ட காலத்துக்கு மேல் சீருடை அணிந்தார் என்று கைதாணையும் பிறந்தது. காயத்தை எழுத மறந்த நிர்வாகம் சீருடைக்குரிய நாள்களை மறக்கவில்லை.

அவர் வாழ்ந்த காலத்தில் இத்தகைய பிழையைத் திருத்த முறையான வாயில் ஏதும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, தனியொருவருக்கெனத் தனிச்சட்டம் கொண்டுவரச் செய்ய வேண்டும். அத்தகைய மசோதாக்களின் சுமை தாளாமல், 1946-இல் காங்கிரஸ் அப்பணியைப் படைத்துறைகளிடமே விட்டது. அதிலிருந்து பிறந்தவையே இராணுவப் பதிவுத் திருத்த வாரியங்கள். இன்று ‘டி.டி. 214’ எனப்படும் படைவிலகல் படிவத்தில் காயப் பதக்கம் விடுபட்டிருந்தால், சான்றுகளை ஏற்று ‘டி.டி. 215’ என்னும் திருத்தப் படிவம் அளிக்கப்படுகிறது. பிழை தெரிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். ஆனால் அரசுப் பதிவு சரியானதே என்னும் அனுமானத்திலிருந்துதான் வாரியம் தொடங்கும். அதை உடைப்பது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. காயம் எதிரியின் செயலால் நேர்ந்தது, மருத்துவ அலுவலர் அதற்குச் சிகிச்சை அளித்தார், அச்சிகிச்சை பதிவானது என்று மூன்றையும் அவர் காட்டியாக வேண்டும். பதிவு இல்லை என்பதைத் திருத்தவும் பதிவே கேட்கப்படுகிறது.

பல குடும்பங்களுக்கு அந்தப் பதிவும் சாம்பலாகிவிட்டது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் படையினர் ஆவண மையத்தில் பற்றிய தீ, 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகளை அழித்தது. 1912 நவம்பர் முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. படிகள் எடுக்கப்படவில்லை, நுண்படமும் இல்லை. அதன்பின் காயத்தை நிறுவ வந்தவர்கள், இறுதிச் சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் அன்றாடக் காலைக் குறிப்பேடு, மருத்துவமனைச் சேர்க்கை அட்டை, வீட்டுக்கு எழுதிய பழைய கடிதம் என்று சிதறல்களைத் தேடிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்தியாவிலும் எதிரித் தாக்குதலில் காயமுற்றோருக்கு ‘பராக்கிரம் பதக்’ உண்டு. முன்பு அது காயப் பதக்கம் என்றே அழைக்கப்பட்டது. இயலாமை ஓய்வூதியம் பற்றிய 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவைத் தந்தது: சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் எழுதப்படவில்லையெனில், வீரர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், மெய்ப்பிக்கும் சுமை அவர்மீது இல்லை. தாளின் மௌனம் அங்கே வீரருக்குச் சாதகமாகப் படிக்கப்பட்டது. 1919-இல் ஜான்சனுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு.

ஜான்சனுக்கான பர்ப்பிள் ஹார்ட் 1996-இல் வந்தது. காயமுற்று 78 ஆண்டுகள், இறந்து 67 ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்து மெடல் ஆஃப் ஹானர் கோரப்பட்டபோது ஆவணச் சான்று போதாதெனக் கருதப்பட்டு, அதற்கு அடுத்த நிலையிலுள்ள ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்’ வழங்கப்பட்டது. பின்னர் செனட்டர் சக் ஷூமரின் அலுவலகம் நடத்திய தேடலில், சம்பவம் நடந்த சில நாள்களுக்குள் பெர்ஷிங் அனுப்பிய அறிக்கை கிடைத்தது. அந்த ரெஜிமென்ட்டைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்த அதே பெர்ஷிங்கின் தாள்தான் வழக்கை நிமிர்த்தியது. காலவரம்பை நீக்க காங்கிரஸ் 2014 இறுதியில் சட்டத்தில் இடமளித்தது.

தாள்களைத் தேடப் புகுந்தவர்களுக்கு வேறு சிலவும் கிடைத்தன. ஜான்சன் ஆல்பனியில் ஏழைகளுக்கான புதைகுழி ஒன்றில் அநாதையாகக் கிடக்கிறார் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000-க்குப் பின் நடந்த ஆய்வில், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் 1929 ஜூலையில் முழு இராணுவ மரியாதையுடன் அவர் அடக்கம் செய்யப்பட்டது தெரியவந்தது. பெயரின் முன்பகுதி வேறாக, ‘வில்லியம் ஹென்றி ஜான்சன்’ என்று பதிவாகியிருந்ததால் யாரும் அறியவில்லை. மற்றக் கண்டுபிடிப்பு கசப்பானது. அவருடைய மகன் என்று தம்மைக் கருதி, பல பத்தாண்டுகள் இந்தப் பதக்கங்களுக்காகப் போராடியவர் ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய அவரும் அப்போது உயிரோடு இல்லை. விருது வழங்குவதற்கு முன் இராணுவம் வம்சாவளியை ஆராய்ந்தபோது, இரத்த உறவுக்கு ஆவணச் சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. யார் உழைப்பால் கோப்பு திறக்கப்பட்டதோ, அவர் குடும்பத்தையே அக்கோப்பு வெளியே நிறுத்தியது.

2015 ஜூன் 2 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமா மெடல் ஆஃப் ஹானரை வழங்கினார். பெற்றுக்கொள்ள உறவினர் எவரும் இல்லாத நிலையில், நியூயார்க் தேசியக் காவற்படையின் சார்ஜன்ட் மேஜர் லூயிஸ் வில்சன் மேடையேறி அதை வாங்கிக்கொண்டார்.