சர்ஃபாக்டன்ட்

'சர்ஃபேஸ் ஆக்டிவ் ஏஜென்ட்' என்ற தொடரைச் சுருக்கி 1950 வாக்கில் உருவான சொல். பரப்புச் செயலி என்று தமிழில் சொன்னால் எனக்கு நிறைவாக இருக்கிறது. வேலை நடப்பது பரப்பில்தானே. இதன் மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். அதனால் இரண்டும் சந்திக்கும் எல்லையில் நின்று, அங்குள்ள இழுவிசையைத் தளர்த்தும். எண்ணெய்த் தலைக்குச் சீயக்காய் தேய்க்கும்போது நடப்பதும் இதுவே.

எண்ணெய் வயலில் நீரைச் செலுத்தித் தள்ளிய பிறகும் பாறையின் நுண்துளைகளில் எண்ணெய்த் துளிகள் சிக்கிக் கிடக்கும். துளையின் குறுகிய கழுத்தில் நுழைய, துளி நெளிய வேண்டும், இழுவிசை விடாது. பரப்புச் செயலி அந்த இழுவிசையை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் துளி நீண்டு, நழுவி வெளியே வரும். சீனாவின் தாச்சிங் வயலில் 1990-களிலிருந்து காரம், பரப்புச் செயலி, பாலிமர் மூன்றையும் நீரில் கலந்து செலுத்தியிருக்கிறார்கள்.