ஆட்டுத்தோலில் ஒரு கார்ட்டூன்: பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் சிரிப்பது எப்படி?

2019 ஜூலையில் தமிழ் 'லயன் கிங்' வந்தபோது வேலூரில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். முன் வரிசையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஆறேழு வயசுப் பையன், கூடவே பாட்டி. காட்டுப்பன்றி பும்பா வாயைத் திறந்ததுமே பாட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. பையனும் சிரிச்சான். ஆனா ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கலை. பையனுக்கு அது வயித்துக் கோளாறு உள்ள ஒரு பன்றி. பாட்டிக்கு அது ரோபோ சங்கர். டிவியில் வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய குரல் ஒரு பன்றிக்குள்ளிருந்து வருகிறது. பக்கத்தில் டிமோனாக சிங்கம்புலி, ராஜாவின் தூதுப் பறவையாக மனோபாலா. (ரோபோ சங்கரும் மனோபாலாவும் இன்னைக்கு நம்மகூட இல்லை. இதைச் சொல்லும்போது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.)

அந்த அப்பாவின் தலைமுறைக்கு வேறொரு ருசி இருந்தது. வில்லன் ஸ்காருக்குக் குரல் அரவிந்த் சாமி. 1994-இல் வந்த பழைய படத்தின் தமிழ் வடிவத்தில் சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரேதான். அன்னைக்கு அப்பாவைப் பறிகொடுத்த பையன், இன்னைக்கு அதே பையனுக்குக் கெடுதல் செய்யும் சித்தப்பா.

எல்லா வயசுக்கும் பிடிக்கிற அனிமேஷன் படம் எப்படி அமைகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பேச்சு பெரும்பாலும் டிஸ்னியில் ஆரம்பித்து பிக்ஸாரில் முடியும். நான் ஆட்டுத்தோலில் ஆரம்பிக்கிறேன். ஆற்காட்டுக்காரன், எனக்கு அதுதான் பக்கம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டி இந்த ஊர்கள் வழியா ரயிலிலோ பஸ்ஸிலோ போனவங்களுக்கு டேனரி வாசனையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பில் ஊறி, முடி நீங்கி, சதை வழித்து, அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இப்போது பெரும்பாலும் குரோம் உப்பிலும் பதமாகி, தோல் கடைசியில் ஷூவாக வெளிநாடு போகிறது. பதனிட்ட தோலை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்க. ஒளி ஊடுருவாது.

அதே தோலைப் பதனிடாமல் முடி நீக்கி, மெல்லிசாகச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் வேறொரு பொருள் கிடைக்கும். விறைப்பா, கண்ணாடித்தாள் மாதிரி. வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். அதில் ராமனை வரைவாங்க, சீதையை வரைவாங்க, சாயம் பூசுவாங்க. நகை வர வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்ன உளியால் துளை போடுவாங்க. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை வைத்துக் காட்டினால் துளை ஒவ்வொன்றும் வைரமா மின்னும். கையையும் காலையும் தனித்தனித் துண்டாக வெட்டிக் கயிற்றால் கோத்திருந்தால் பாவை நடக்கும், அடிக்கும், அழும். இதுதான் தோல்பாவைக்கூத்து. கேமரா இல்லாத அனிமேஷன்னு நான் சொன்னா மிகையில்லை.

1926-இல் ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' எடுத்தார். இன்றைக்குக் கையில் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் பழசு. அட்டையில் வெட்டிய உருவங்கள், மூட்டில் கோத்த கை கால்கள், பின்னாலிருந்து வெளிச்சம். நம்ம ஊர்த் தோல்பாவைக்காரர் பார்த்திருந்தால், "இதைத்தானேம்மா நாங்களும் செய்யறோம்"னு கேட்டிருப்பார்.

ஒன்றைத் தெளிவா சொல்லிடறேன். ஆம்பூர்த் தோலில்தான் பாவை செய்தாங்கன்னு நான் சொல்லலை. தமிழ்நாட்டில் இந்தக் கலையைக் கையில் வைத்திருந்த குடும்பங்கள் வீட்டில் மராத்தி பேசுபவர்கள், பிற்காலத்தில் அதிகமும் தென் மாவட்டங்களில் இருந்தவர்கள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவர்களைப் பற்றி விரிவா எழுதியிருக்கார். நமக்கு வடக்கே, எல்லை தாண்டினால், ஆந்திரத்தில் தோலு பொம்மலாட்டம். அங்கே சில பாவைகள் ஏறக்குறைய ஆள் உயரம்.

பாவை அழகு இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். தமிழ்த் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகள் இவர்கள். பேரே பாதி உருவத்தைச் சொல்லிடும். தெலுங்குப் பக்கம் போனால் கேதிகாடு, பங்காரக்கா, ஜுட்டுபோலிகாடு. நடப்பது ராமாயணம், இவங்களுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. ஆனா எந்த நேரத்திலும் உள்ளே வருவாங்க. ராமன் பேசுவது காவியத் தமிழ், இவங்க பேசுவது உங்க தெருத் தமிழ். ஒருத்தன் மற்றவன் தலையில் அடித்தால் முன்வரிசைப் பொடிசுகளுக்குக் கொண்டாட்டம். அடித்துக்கொண்டே அவர்கள் பேசும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் கடன்காரன் கதையும் பின்வரிசைப் பெரியவங்களுக்கு. இந்தப் பேச்சில் பாதி, பச்சையாகவே இருக்கும். பையன் கேட்டுட்டுத்தான் இருப்பான், புரியாது. புரிகிற வயசு வரும்போது அதே ஆட்டம் அவனுக்குப் புதுசா இருக்கும்.

இத்தனைக்கும் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஆள். ராவணன், அனுமான், உளுவத்தலையன் எல்லாருக்கும் அவரே குரல்.

இப்போ ஆற்காட்டுக்கே வருவோம். 1989 வரைக்கும் வேலூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்து வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டம். நம்ம சரித்திரப் புத்தகத்தில் ஆற்காடு என்றால் நவாப், 1751, கிளைவ், முற்றுகை, அவ்வளவுதான். ஆனா இந்த மண்ணின் பெரிய சொத்து தெருக்கூத்து. செய்யாறு பக்கம் உள்ள புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோன ந. முத்துசாமிதான் 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்.

கூத்தில் வேஷக்காரர் மரத்தில் செய்த கிரீடம், புஜக்கட்டை, மார்க்கட்டை கட்டிக்கொள்வார். அதனால் கட்டைக்கூத்து என்றும் சொல்வாங்க. இந்தக் கட்டைகள் மனுஷ உடம்பை ரெண்டு மடங்கா அகலமாக்கிடும். முகத்தில் அடிக்கும் வண்ணத்தையும் கிரீடத்தையும் பார்த்தே கடைசி வரிசைக் குழந்தை வந்திருப்பது யாருன்னு சொல்லிடும். அனிமேஷன் பள்ளியில் முதல் வருஷம் சொல்லித்தருவதும் இதைத்தான்: நிழலை மட்டும் பார்த்தே பாத்திரம் யாருன்னு தெரியணும்.

அப்புறம் கட்டியக்காரன். ராஜா வேஷம் நேரே மேடைக்கு வராது. ரெண்டு பேர் ஒரு திரையைப் பிடிச்சுக்குவாங்க, பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடம் மட்டும் தெரியும். வெளியே வந்ததும் கட்டியக்காரன் கேட்பான்: நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க? துரியோதனன் தன் பேரையும் பெருமையையும் சொல்வான். கட்டியக்காரன் அதைத் திருப்பி நம்ம பேச்சில் சொல்வான், தப்பாச் சொல்வான், உள்ளூர்ப் பிரமுகரோடு முடிச்சுப் போடுவான். அந்த ஒரே கேள்வி பதிலில் ரெண்டு வேலை நடந்துடுது. கதை தெரியாத குழந்தைக்கு யார் எவர்னு விளக்கம் கிடைச்சாச்சு. ஐம்பது தடவை பார்த்த தாத்தாவுக்குக் கிண்டல் கிடைச்சாச்சு. என் கணக்கில் பும்பாவும் டிமோனும் 'அலாதீன்' பூதமும் 'ஷ்ரெக்' கழுதையும் இந்தக் கட்டியக்காரனின் பங்காளிகள். ஹாலிவுட் இவனைப் பார்த்துக் காப்பியடித்தது என்று வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க. எல்லா வயசும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எந்த ஊர்க் கதைசொல்லிக்கும் இப்படி ஒரு ஆள் தேவைப்படுது, அவ்வளவுதான்.

சிரிப்பு மட்டும் போதுமா? போதாது. திரௌபதி அம்மன் திருவிழாவில், பகலில் பாரதம் படிப்பு, ராத்திரி கூத்து என்று நாட்கணக்கில் போகும். துகில் உரியும் இரவு வரும்போது கட்டியக்காரனின் வாய் அடங்கும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்தி, சூடம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற வழக்கம் உண்டு. கடைசியில் படுகளம். திடலில் மண்ணால் துரியோதனன் உருவம் செய்வாங்க, பனைமரம் சாய்ந்து கிடக்கிற மாதிரி பிரம்மாண்டம். அது உருவாகும்போது சுத்தி நின்று வேடிக்கை பார்ப்பதே பசங்கதான். பீமன் வந்து தொடையில் அடிப்பான், சிவப்பு பொங்கும், திரௌபதி கூந்தலை முடிவாள். ஒப்பாரியும் உண்டு. குழந்தை பயந்துடும்னு யாரும் கண்ணைப் பொத்தறதில்லை. பயந்தால் பக்கத்தில் பாட்டி மடி இருக்கு.

1942-இல் 'பேம்பி'யின் அம்மா மானைச் சுட்டபோதும், பிறகு முஃபாசா விழுந்தபோதும் டிஸ்னி நம்பியது அந்த மடியைத்தான். மொத்தப் படத்தையும் பஞ்சு வைத்துச் சுத்தி, பிள்ளைக்கு ஒரு கீறலும் படாமல் எடுக்கும் படங்கள்தான் பெரியவர்களைத் தூங்க வைக்கின்றன. பிள்ளைகளும் பத்து நிமிஷத்தில் போனை எடுத்துடுவாங்க.

நாம எங்கே பிரிஞ்சோம்? எனக்குத் தோன்றுவது இது. பொம்மை அசைந்தால் அது குழந்தை சமாச்சாரம் என்ற எண்ணம் டிவியோடு வந்தது. 2007-இல் சுட்டி டிவி வந்தபோது கார்ட்டூனுக்குத் தனிச் சேனலே கிடைத்தது. நல்ல விஷயம்தான், தமிழில் கார்ட்டூன் பார்த்த ஒரு தலைமுறை அதில் வளர்ந்தது, உங்களில் பாதிப் பேர் உட்பட. ஆனா பாட்டி வேற சேனலுக்குப் போயிட்டாங்க. அதே 2007-இல் 'இனிமே நாங்கதான்' என்று தமிழில் ஒரு 3டி அனிமேஷன் படம் வந்தது. இசை இளையராஜா. எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

அடுத்து 2014, 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கம், மோஷன் கேப்சர், ரஹ்மான் இசை. இதில் ஒரு சம்பவம் என்னை விடாமல் துரத்துது. 2009-இல் காலமான நாகேஷை அதில் கம்ப்யூட்டரில் உயிர்ப்பித்தாங்க. கட்டியக்காரன் வேணும்னு யாருக்கோ தோணியிருக்கு! ஆனா நாகேஷிடம் நமக்குப் பிடித்தது முகமா? அந்த நொடியில் எதிராளியை மடக்கும் வேகம்தானே. முகத்தை வரைந்துடலாம், அந்த வேகத்தை எங்கே போய் வாங்குவது? படத்தின் பெரிய சிக்கலும் அதுவே. நிஜ மனுஷன் மாதிரியே தெரியணும்னு பாடுபட்டாங்க. தோல்பாவைக்காரர் ஒரு நாளும் அப்படி முயற்சி பண்ணலை. தோல் தோலாகத்தான் தெரியும், நாம்தான் அதை ராமன்னு நம்பினோம்.

2025 ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா' வந்தது. அஸ்வின் குமார் இயக்கியது, தமிழிலும் வந்தது. வாய்வழிப் பேச்சிலேயே ஏறி, இந்திய அனிமேஷன் படங்களில் வசூலில் முதலிடத்துக்குப் போனது. நம்ம மாவட்டத்திலேயே சோளிங்கர் மலையில் யோக நரசிம்மர் இருக்கார், பிரகலாதன் கதையை இரணிய நாடகமாக விடிய விடிய ஆடிய ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. முடிவு எல்லாருக்கும் தெரியும். தூண் பிளக்கப்போகுதுன்னு பாட்டி முன்கூட்டியே பேரன் காதில் சொல்வதும் படம் பார்ப்பதின் ஒரு பகுதிதான். எனக்கு ஒரே குறை, பக்தி எல்லாரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தது, சேர்ந்து சிரிக்க வைத்தது குறைவு. அங்கே ஒரு கட்டியக்காரன் இருந்திருந்தால்?

அதுவும் எங்க ஊர்க் கட்டியக்காரன். டப்பிங் படங்களில் கோமாளி பேசுவது எப்பவும் மெட்ராஸ் பாஷை, இல்லைன்னா மதுரை. ஆம்பூர்ல ஒரே வாக்கியத்தில் உருதுவும் தமிழும் வரும், குடியாத்தம் பக்கம் போனா தெலுங்கும் சேர்ந்துக்கும். அந்தப் பேச்சில் ஒரு கார்ட்டூன் பன்றி திட்டி நான் இதுவரை கேட்கலை. அப்படிப் பேசத் தெரிந்த கூத்துக்காரர்கள் இன்னும் வேஷம் கட்டிட்டுத்தான் இருக்காங்க. அனிமேஷன் எழுதப்போற யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, பங்குனி சித்திரையில் ஒரு ராத்திரி இந்தப் பக்கம் பஸ் ஏறுங்க.

சின்ன வயசில் திமிரி பக்கம் ஒரு கூத்துக்கு என் ஆயா கூட்டிட்டுப் போனாங்க. துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வந்ததும், கட்டியக்காரன் அவன் கிரீடத்தைப் பார்த்து என்னமோ சொன்னதும் நினைவிருக்கு. அப்புறம் தூங்கிட்டேன். விடியற்காலையில் தோளில் போட்டுத் தூக்கிட்டு வரும்போது, அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். வீடு வர்ற வரைக்கும் ஆயா மிச்சக் கதையைச் சொன்னாங்க. கட்டியக்காரன் சொன்ன ஒரு ஜோக்கை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. சொல்லாமலேயே அவங்க மட்டும் சிரிச்சாங்க.