சாவடி வாயிலில் நின்ற சாட்சிகள்

1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்னரே, ஆஸ்லோ நகரத்து அரசாங்க விருந்தினர் மாளிகையில், பத்திரிகைக்காரர் ஒருவரும் அறியாத வண்ணம், இஸ்ரேலின் பிரதிநிதிகளும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பிரதிநிதிகளும் ஓர் உடன்படிக்கைக்கு முதற்கையொப்பம் இட்டார்கள். அடுத்த மாதம் 13ஆம் தேதி வாஷிங்டனில் உலகறிய அது நிறைவேறிய போதிலும், ஆஸ்லோவின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அந்த உடன்படிக்கையின் குணதோஷங்களைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. ஆனால் அதற்குப் பேச்சுக்களம் அமைத்துக் கொடுத்த தேசத்தின் சாதாரணப் பிரஜைகள், பின்னாளில் அந்த மண்ணில் பெருகிய இராணுவச் சோதனைச் சாவடிகளின் வாயிலில், ஆயுதம் இன்றி அதிகாரமும் இன்றி, ஒரு குறிப்புப் புத்தகத்தை மட்டும் கையில் கொண்டு நின்ற கதையை நம்மவர் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாவடிகள் யாவும் ஆஸ்லோவின் சிருஷ்டி என்பது நியாயமாகாது. பாலஸ்தீனர் இஸ்ரேலுக்குள் போய்வர 1972 முதல் நடைமுறையில் இருந்த பொது அனுமதி 1991 ஜனவரியில், வளைகுடா யுத்தத்தை ஒட்டி, ரத்துசெய்யப்பட்டு, ஒவ்வொரு பாலஸ்தீனரும் தனித்தனியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதி வந்தது. 1993 மார்ச்சில், நார்வேயில் அந்தரங்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், பொது அடைப்பும் அமலாயிற்று. எனினும், 1995ஆம் ஆண்டின் இரண்டாம் உடன்படிக்கை மேற்குக் கரையை மூன்று மண்டலங்களாகக் கூறுபோட்டதும், 2000இல் மூண்ட பாலஸ்தீனரின் இரண்டாம் கிளர்ச்சியும், 2002இல் எழும்பத் தொடங்கிய பிரிவினைச் சுவரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்திற்கும் போகிறவன் சிப்பாயின் முகம் பார்த்துப் போகவேண்டியதாயிற்று.

நார்வேக்காரர்களுக்கு அந்தப் பிரதேசம் புதிதன்று. 1978 முதல் 1998 வரை தென் லெபனானில் ஐக்கிய நாடுகள் படையில் இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட நார்வே சிப்பாய்கள் மாறி மாறிப் பணிபுரிந்தார்கள். இத்தனை சிறிய தேசத்தில் அது பெரிய தொகை. ஊருக்கு ஊர் அங்கே போய்வந்தவர் ஒருவர் இருந்தார். பிறகு 1994 பிப்ரவரி 25ஆம் தேதி, மேற்குக் கரையின் ஹெப்ரான் நகரில் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களில் 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றபோது, பாதுகாப்புச் சபை 904ஆம் தீர்மானத்தினால் ஒரு தற்காலிக சர்வதேசப் பார்வையாளர் குழுவைக் கோரியது. அந்த வருஷம் மூன்று மாதங்கள் மட்டுமே இருந்து கலைந்த அக்குழு, 1997 பிப்ரவரியில் நார்வேயின் தலைமையில், வேறு ஐந்து நாட்டாரையும் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் ஹெப்ரானுக்குள் வந்தது. தற்காலிகம் என்று வந்தவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். 2002 மார்ச்சில் அவர்களுள் இருவர், ஸ்விட்சர்லாந்துப் பெண்மணி ஒருவரும் துருக்கியர் ஒருவரும், வழியில் சுடப்பட்டு மாண்டார்கள். வீதிகளில் ரோந்து சென்று கண்டதை எழுதுவதே அவர்கள் வேலை. எழுதியதை இரு தரப்பாரிடமும் தங்கள் அரசாங்கங்களிடமும் மட்டுமே கொடுக்கலாம் என்பது விதி. இந்த விதியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் அனுப்பிய பார்வையாளர் இவ்வாறு ஒரு வகை. தாமாகப் போன தொண்டர் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையின் வம்சாவளியில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. காந்தியடிகள் கனவு கண்டு, 1957இல் விநோபா பாவே அமைத்த சாந்தி சேனையில் வளர்ந்த நாராயண் தேசாய், 1981இல் கனடாவில் சர்வதேச அமைதிப் படையணி என்ற ஸ்தாபனம் பிறந்தபோது அதன் ஸ்தாபகர்களுள் ஒருவராக இருந்தார். அதன் தொண்டர்கள் 1989 முதல் 1998 வரை இலங்கையில், உயிருக்கு ஆபத்துள்ள வக்கீல்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் நிழல்போல் உடன் சென்றார்கள். திருச்சபைகளின் உலக சங்கம் 1992இல் தென்னாப்பிரிக்காவிற்குக் கண்காணிப்பாளரை அனுப்பிய அனுபவத்தோடு, எருசலேம் திருச்சபைத் தலைவர்களின் வேண்டுகோளை ஏற்று, 2002இல் பாலஸ்தீனத்திற்கான வழித்துணைத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்னதாகவே இஸ்ரேலியப் பெண்கள் மூவர் மக்ஸோம் வாட்ச் என்ற அமைப்பைத் தொடங்கி, தங்கள் சொந்த இராணுவத்தின் சாவடிகளில் போய் நிற்கலானார்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. அவர்களுடைய துணிவை நான் ஒருபடி மேலாகவே மதிக்கிறேன்.

நார்வேயில் வழித்துணைவரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பும் பொறுப்பை, ஆஸ்லோவில் தலைமையகம் கொண்டதும் 1947 முதல் இயங்கிவருவதுமான நார்வே திருச்சபை உதவி நிறுவனம் ஏற்றது. போகிறவர் மூன்று மாதம் அங்கே தங்குவார். 2023 அக்டோபருக்கு முன்வரை, பெத்லகேமில் இறங்கியவருக்குப் பொழுது பின்னிரவிலேயே தொடங்கிவிடும். எருசலேமுக்குப் போகும் 300ஆம் சாவடியில், சுவருக்கும் இரும்புக் கம்பிகளுக்கும் இடையே நீளும் ஒடுக்கமான நடையில், கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் மூன்று நான்கு மணிக்கே வந்து நெருக்கியடித்து நிற்பார்கள். ஹெப்ரான் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர் அதற்கும் முன்னே வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார். காப்பியும் ரொட்டியும் விற்பவர்கள் வெளியே கடை பரப்பியிருப்பார்கள். சுழல் கம்பிக் கதவு, உலோகம் காட்டும் வாயில், இடைவாரைக் கழற்றுதல், சீட்டு, கைரேகை என்று ஒவ்வொரு கட்டமும் ஒருவன் விதியைத் தீர்மானிக்கும்போது, வழித்துணைவர் ஓரமாக நின்று, ஆள் ஒன்றுக்கு ஒரு முறை கையடக்கமான எண்ணும் கருவியை அழுத்துவார்; எத்தனை சாளரங்கள் இருக்க எத்தனை திறந்தன, நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் என வைத்த தனிவாயில் எப்பொழுது திறந்தது, கடைசி ஆள் கடக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்துக்கொள்வார். தனிவாயில் திறவாதிருந்தால் இராணுவ நிர்வாகத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசி போடுவார். சில நாள் அந்தப் பேச்சுக்குப் பலன் உண்டு. பல நாள் இல்லை. தாமதமானால் கூலி போய்விடும் என்ற பதற்றத்தில் கம்பிமேல் ஏறிக் குதிப்பவனைத் தடுக்கவும் அவருக்கு உரிமை கிடையாது, தூக்கிவிடவும் கிடையாது.

இப்படி நின்று எண்ணுவதனால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. பயனில் பாதி, மூன்று மாதம் கழிந்த பிறகே தொடங்குகிறது. திரும்பி வந்தவர் தம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுத வேண்டும், திருச்சபை மண்டபத்திலும் பள்ளியிலும் கண்டதைப் பேச வேண்டும் என்பது அவர் ஏற்ற கடமையின் ஒரு பகுதி. கண்டவர் தம் வாயாலேயே சொல்கிறார். மறுப்பவர் அவர் முகத்துக்கு நேரே மறுக்கலாம். ஒருதலைப்பட்சமானவர்கள் என்று இஸ்ரேல் தரப்பார் இவர்கள்மீது குற்றம் சாட்டுவதும் உண்டு. குறிப்புகள் வெளியே கிடப்பதால் அந்தக் குற்றச்சாட்டையும் எவரும் பரிசீலிக்க முடிகிறது.

ஈழத்து வாசகருக்கு இந்தச் சாவடிக் காட்சி விளக்கம் வேண்டாதது. இலங்கை அரசாங்கமும் புலிகளும் செய்துகொண்ட 2002 பிப்ரவரி 22ஆம் தேதிப் போர்நிறுத்த ஒப்பந்தத்திற்குப் பின், ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தையிலும் முகமாலையிலும் இராணுவச் சாவடி ஒன்று, புலிகளின் சாவடி ஒன்று என இரண்டு முறை மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டிப் பிரயாணம் செய்தவர்கள் இன்று ஆஸ்லோவிலேயே ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அங்கும் நார்வேயின் தலைமையில் ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு இருந்தது. அதற்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, குழுவின் அப்போதைய தலைவரான சுவீடன் தேசத்து உல்ஃப் ஹென்றிக்சன், அரசாங்கப் படைகளே பொறுப்பு என்ற முடிவைப் பகிரங்கமாக வெளியிட்டார். அரசாங்கம் அதை மறுத்தது. தண்டனை பெற்றவர் எவரும் இல்லை. 2008 ஜனவரியில் குழுவும் கலைந்தது. ஆயினும் அந்த முடிவு அழியாத ஆவணமாக இருக்கிறது. நீதி கேட்பவர் இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஹெப்ரானில் நடந்தது வேறு. 2019 ஜனவரியில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாஹு அங்கிருந்த பார்வையாளர் குழுவின் காலத்தை நீட்டிக்க மறுத்தார். அதே சமயத்தில், தொல்லைகள் பெருகியதால், திருச்சபைகளின் வழித்துணைவரும் அந்நகரத்தை விட்டு விலகினார்கள். அரசாங்கக் குழு இருபது ஆண்டுகளில் எழுதிய சம்பவ அறிக்கைகள் நாற்பதாயிரத்திற்கு மேல். அவற்றைத் தொகுத்த இரகசிய அறிக்கை ஒன்று 2018 டிசம்பரில் இஸ்ரேலிய ஹாரெட்ஸ் பத்திரிகையின் கையில் சிக்கியபடியால்தான் அதன் சாரமாவது உலகுக்குத் தெரிந்தது. சாட்சியை நியமித்துவிட்டு அவன் வாக்குமூலத்தைப் பெட்டியில் பூட்டிய இந்த ஏற்பாட்டை, நார்வேயின் சமாதான முயற்சிகளில் நேர்ந்த பெரும் பிழைகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

2019இல், எருசலேமுக்குப் போகும் இன்னொரு சாவடியான கலந்தியாவில் முகம் அறியும் இயந்திரங்கள் வந்து வரிசை குறுகிற்று. 2023 அக்டோபருக்குப் பின் மேற்குக் கரைத் தொழிலாளரில் பெரும்பாலோரின் அனுமதிச் சீட்டே நிறுத்திவைக்கப்பட்டு, வரிசைக்கே வேலையில்லாது போயிற்று. ஹெப்ரானின் பிழை மறுபடி நேராதிருக்க, இனி எந்தத் தேசத்தில் எந்த ஒப்பந்தத்தின் கீழ்ப் பார்வையாளர் நியமிக்கப்பட்டாலும், அவர்கள் எழுதுவது பொதுஜனங்களுக்குக் கிடைக்கவேண்டும் என்ற ஷரத்தை முதலிலேயே கேட்டு வாங்குவது, மத்தியஸ்தம் செய்ய முன்வரும் நாட்டின் கடமை.