பூனைக்கு மூச்சிரைக்கிறதா? ‘வெயில்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்

சுங்கை லாலாங் - வடக்கு மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெயில் கொளுத்தும் காலம். 2016 ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் கெடா, பெர்லிஸ் பகுதிகளில் பள்ளிகளே மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாள்களில் தகரக் கூரை போட்ட தோட்டத்து வீட்டிலும், சன்னல் சாத்திய தாமான் வீட்டிலும் பூனை வாயைத் திறந்து, நாக்கை நீட்டி இரைப்பதைப் பார்க்கலாம். ‘நாய் இரைக்கிறதே, அதுபோலத்தான்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் இந்த எண்ணம்தான்.

நாயும் பூனையும் ஒன்றல்ல

நாய் தன் உடல் சூட்டை இரைத்தே தணித்துக்கொள்ளும். அது அதற்கு அன்றாட வேலை. பூனை அப்படியல்ல. நிழல் தேடிப் படுக்கும், குளிர்ந்த சிமெண்டுத் தரையில் நீட்டி நிமிரும், உடம்பை நக்கி எச்சில் உலரும்போது சூட்டைக் குறைக்கும். பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். இவை எதுவும் போதாதபோதுதான் அது வாய் திறந்து இரைக்கும். அதனால் பூனை இரைத்தால் அதன் உடலால் எதையோ சமாளிக்க முடியவில்லை என்று பொருள்.

எது இயல்பு?

குட்டிப் பூனை ஓடியாடி விளையாடிய பிறகு ஓரிரு நிமிடம் இரைக்கலாம். காரில் ஏற்றியதும் பயத்தில் இரைக்கலாம். அமைதியான, குளிர்ந்த இடத்தில் விட்டதும் ஐந்து நிமிடத்துக்குள் வாயை மூடி வழக்கம்போல் மூச்சு விட்டால் பொதுவாகக் கவலை இல்லை. ஆனால் அடிக்கடி இப்படி நடந்தாலோ, வயதான பூனைக்கு நடந்தாலோ மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

ஓய்வாக இருக்கும் பூனை நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சு விடும். அது தூங்கும்போது நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூக்கத்திலும் 40-க்கு மேல் போனால் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். பூனை நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணி நாள்காட்டியில் குறித்து வைத்தால், பிறகு ஒப்பிட உதவும்.

காரணங்கள் என்ன?

வெப்பத் தாக்கம்: பூனையின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. 41-க்கு மேல் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். மூடிய கார், காற்றுப் புகாத ஸ்டோர் அறை, வெயிலில் வைத்த கூண்டு ஆகியவை முக்கியக் காரணங்கள். மூக்கு சப்பையான பெர்சியன் வகை, உடல் பருத்த பூனை, வயதான பூனை ஆகியவை எளிதில் பாதிக்கப்படும்.

ஆஸ்துமா: தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி இருமும். முடியுருண்டையைக் கக்கப் பார்க்கிறது என்று வீட்டார் நினைப்பார்கள், ஆனால் எதுவும் வெளியே வராது. கொசுவத்திப் புகை, சாம்பிராணி, சிகரெட், புகைமூட்டம் எல்லாம் இதை மோசமாக்கும்.

இதய நோய்: வெளியே தெரியாமல் வளரும். நுரையீரலிலோ நெஞ்சுக்கூட்டிலோ நீர் கோத்த பிறகுதான் மூச்சிரைப்பு தெரியும். திடீரென்று பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, பூனை வலியில் கத்தினால் இரத்தக்கட்டி அடைத்திருக்கக்கூடும். அது அவசர நிலை.

நஞ்சு: தோட்டப்புறங்களில் இதை மறக்கக்கூடாது. செம்பனைக்கும் ரப்பருக்கும் இடையில் அடித்த களைக்கொல்லி பூனையின் ரோமத்தில் ஒட்டினால், அது நக்கி விழுங்கிவிடும். நுரையீரலையே அழிக்கும் பாராகுவாட் மலேசியாவில் 2020 முதல் தடை செய்யப்பட்டது. வீட்டு மூலையில் பழைய பாட்டில் இருந்தால் பூனைக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் ஆபத்து. நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனைக்குத் தடவவே கூடாது.

பனடோல் கொடுக்காதீர்கள்

பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, ஈறு பழுப்பு நிறமாக மாறி, மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். மனிதர்களின் ஆஸ்துமா மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

• ஓய்வில் இருந்தும் வாய் திறந்த மூச்சு நிற்காதது
• ஈறும் நாக்கும் நீலம், சாம்பல் அல்லது வெளிறிய நிறமாக மாறுவது
• மூச்சு விடும்போது வயிறு பலமாக உள்ளிழுப்பது
• எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, வலிப்பு, மயக்கம்
• படுக்க முடியாமல் முழங்கையை அகட்டி உட்கார்ந்திருப்பது

இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘காலையில் பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடக்கூடாது.

வழியில் செய்ய வேண்டியவை

வெயில்தான் காரணம் என்று தெரிந்தால் நிழலுக்குக் கொண்டு போய், குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து, காற்றாடியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அது தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். அருகில் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பூனை தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உறுப்புப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும்.

வெயில் காரணமில்லை என்றால் நனைக்க வேண்டாம். இறுக்கிப் பிடிக்காமல், காற்றோட்டமான கூடையில் வைத்து, முன்கூட்டியே கிளினிக்கை அழைத்துச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இரைப்பதைக் கைப்பேசியில் சில விநாடிகள் பதிவு செய்துகொண்டால் மருத்துவருக்கு உதவும். நஞ்சு என்று சந்தேகம் இருந்தால் அந்தப் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் சுங்கை பட்டாணிதான் பக்கத்து நகரம். எந்தக் கிளினிக் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் என்று இன்றே விசாரித்து, எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மூச்சுக்குத் தவிக்கும் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு எண் தேட நேரம் இருக்காது.