மங்கிய அசைபடம்: கைக்கமராவின் குறைகளும் அவற்றின் வரலாறும்

கருவியொன்றின் குறையைப் பழுதென்று கூறி ஒதுக்குவது எளிது. அக்குறை எவ்வாறு தோன்றியது என வினவுவது வரலாற்று மாணவனின் கடனாகும். 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் உலகெங்கும் பரவிய சிறிய இலக்கமுறைக் கமராக்களிற் பதிவான வீடியோக்கள், இன்று மங்கியும் துள்ளியும் கட்டங்கட்டமாகச் சிதைந்தும் தோன்றுகின்றன. கமரா மலிவானது என்றோ எடுத்தவர் திறனற்றவர் என்றோ காண்போர் முடிவு செய்வதுண்டு. ஆயின், நிழற்படத்துக்கென ஆக்கப்பட்ட கருவியின்மீது அசையும் படம் என்னும் சுமை பின்னர் ஏற்றப்பட்டமையே இக்குறைகளுட் பலவற்றிற்குக் காரணமாகும்.

இக்கருவியின் தோற்றத்தை முதலில் நோக்குதல் வேண்டும். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லாட் போயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் சீசீடி என்னும் கருவியை வகுத்தனர். ஒளியை மின்னேற்றமாகப் பெற்றுத்தரும் உணரியாக அது வளர்ந்தது. அதன்பொருட்டு அவர்கள் 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீவன் சாசன் அமைத்த இலக்கமுறைக் கமரா 100 × 100 படப்புள்ளிகளையே பதிவுசெய்தது. ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுதுவதற்கு அதற்கு 23 செக்கன் சென்றது. ஒரே செக்கனில் 30 படங்களை எழுதவேண்டிய அசைபடத்திற்கும் இத்தொடக்கத்திற்கும் இடையிலிருந்த தூரம் இதனாற் புலனாகும். 1995இல் கசியோ வெளியிட்ட கியூவி-10, பின்புறத் திரையுடன் பொதுமக்களை அடைந்தபோதும், நிழற்படக் கருவியாகவே விளங்கியது.

அசைபடத்தின் இடர்ப்பாட்டை எளிய கணக்கொன்று விளக்கும். 640 × 480 அளவுள்ள சட்டகத்தில் 3,07,200 படப்புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 3 பைற்று வீதம் செக்கனுக்கு 30 சட்டகங்களை எழுதின், ஏறத்தாழ 27.6 மெகாபைற்று சேரும். அக்காலச் சிறு கமராக்களின் நினைவட்டைகளால் இப்பெருக்கைத் தாங்க இயலாது. ஆகவே, ஆக்கியோர் மூன்று வழிகளைக் கைக்கொண்டனர். சட்டகத்தை 320 × 240 ஆகச் சுருக்கினர். செக்கனுக்கு 15 சட்டகங்களே போதுமெனக் கொண்டனர். 1992இல் நியமமான ஜேபெக் முறையால் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே நெருக்கினர். முதலாவதால் மங்கலும், இரண்டாவதால் துள்ளலும், மூன்றாவது அளவுமீறியபோது கட்டச் சிதைவும் விளைந்தன. 1920 × 1080 அளவுள்ள இன்றைய திரையிலுள்ள புள்ளிகள் அச்சட்டகத்திலுள்ளவற்றின் 27 மடங்காகும். எனவே, அன்று கமராத் திரையிற் தெளிவாக இருந்தது இன்று மங்குதல் இயல்பே.

வீடியோ இடையிடையே தடைப்படுவதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. கமரா தரும் வேகத்தில் நினைவட்டை எழுதத் தவறின் பதிவு நின்றுவிடும். இதனை முன்னிட்டே, 2006இல் வந்த எஸ்டிஎச்சி அட்டைகளுடன் செக்கனுக்குக் குறைந்தது 2, 4, 6 மெகாபைற்று எழுதும் வேக வகுப்புகள் வரையறுக்கப்பட்டன. மறுபுறத்தில், 2003இல் நியமமான எச்.264 முறை, சட்டகங்களுக்கிடையிலான வேறுபாட்டை மட்டும் பதிந்து இடத்தைச் சேமித்தது. ஆயின் அதனை விரித்துக் காட்டுவது பழைய கணனிகளுக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே தடங்கலைக் கண்டவர், அதே பதிவைக் கமராவின் திரையிலேயே ஓட்டிப்பார்த்தல் தகும். அங்கு சீராக ஓடின் குறை கணனியினது. அங்கும் தடைப்படின், வேகமான அட்டையில் மீண்டும் பதிந்து நோக்குதல் வேண்டும்.

ஒளி பற்றிய குறைகள் வேறு வகையின. இருளில் நிழற்படம் எடுப்பவர் ஒளிபுகு நேரத்தை நீட்டலாம், மின்னொளியைப் பாய்ச்சலாம். செக்கனுக்கு 30 சட்டகம் பதியும் வீடியோவிலோ ஒரு சட்டகம் 1/30 செக்கனுக்கு மேல் ஒளிபெற இயலாது. சிறிய உணரி பெற்ற சிற்றொளியைக் கமரா மின்னாற் பெருக்குகையில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் எழுகின்றன. இன்னும், இலங்கையில் மின்னோட்டம் 50 ஹேட்ஸ் ஆகையால் குழல்விளக்குகள் செக்கனுக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. 60 ஹேட்ஸ் நாடுகளுக்கேற்ப 1/60 செக்கன் ஒளிபெறும் கமரா, சட்டகந்தோறும் வெவ்வேறளவு ஒளியைப் பெறுவதாற் காட்சி துடிக்கின்றது. 1/50 அல்லது 1/100 செக்கனை அமைக்க, அல்லது கமராவில் 50 ஹேட்ஸைத் தெரிவுசெய்ய, இத்துடிப்பு அடங்கும்.

குறையெனத் தோன்றும் சில, சட்டத்தால் விளைந்தவை. 30 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பதியும் கமராவை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோக் கமராவாகக் கணித்துச் சுங்கவரி விதித்தது. அதனைத் தவிர்க்கவே பல கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் நின்றுவிடுமாறு ஆக்கப்பட்டன. இங்ஙனம், பழுதெனக் கருதப்பட்ட நிறுத்தம் வணிகத்தின் விளைவாயிற்று.

இவ்வாராய்ச்சி கருவி திருத்துவோர்க்கு மட்டும் உரியதன்று. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையேறிய காட்சிகளுட் பலவற்றை உலகம் பெற்றது, அங்கு நின்ற பயணிகளும் ஊரவரும் வைத்திருந்த கைக்கருவிகளிலிருந்தேயாம். அத்தகைய பதிவுகள் இன்று வரலாற்றுச் சான்றுகள். சான்றில் ஒரு கணம் விடுபட்டிருப்பின், அது யாரோ வெட்டியதா, அட்டையின் மந்தத்தால் நேர்ந்ததா என ஆய்வாளர் அறிதல் வேண்டும். மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவாற் தெளிவாக்கும் மென்பொருள்கள் இன்று பெருகியுள. அவை பதியப்படாத விபரத்தை மீட்பதில்லை. புதிதாகக் கற்பித்துத் தருகின்றன. கற்பித்த முகம் கண்ணுக்கு இனிதாயினும் சான்றாகாது. திருத்திய படியைப் பார்வைக்கு வைப்பதில் தவறில்லை. ஆனால் கமராவிலிருந்து பெற்ற மூலக்கோப்பை மாற்றாது பேணுதல் இன்றியமையாதது. சிதைந்த கல்வெட்டின் விடுபட்ட எழுத்தை ஊகித்து நிரப்புபவர் தம் ஊகத்தை அடைப்புக்குறியிட்டுக் காட்டுவது மரபு. அந்நேர்மை அசைபடத்துக்கும் வேண்டப்படுவதாகும்.