பி. வி. ஸ்ரீகண்டன்

ஸ்ரீகண்டன், பி. வி. (30 ஜூன் 1925 – 27 அக்டோபர் 2019) இந்தியாவில் சோதனைத் துகள் இயற்பியலை வேரூன்றச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1948-இல் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, 1975 முதல் 1987 வரை அதன் இயக்குநராக இருந்தார். பதவி பம்பாயில் இருந்தாலும் அவருடைய ஆய்வின் இரு பெரும் களங்கள் தெற்கே இருந்தன: ஒன்று கோலார் தங்கவயல், மற்றொன்று உதகமண்டலம். நீலகிரியில் இன்றும் இயங்கிவரும் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

அந்தக் காலத்தில் துகள் ஆய்வு என்றால் முடுக்கிகள் வேண்டும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பெரும் பொருட்செலவில் அவற்றைக் கட்டிக்கொண்டிருந்தன. விடுதலை பெற்ற புதிதில் இந்தியாவுக்கு அது எட்டாத காரியம். விண்வெளியிலிருந்து ஓயாமல் வந்து விழும் காஸ்மிக் கதிர்களிலோ எந்த முடுக்கியாலும் தர முடியாத ஆற்றல் கொண்ட துகள்கள் இருந்தன. அவற்றைப் பிடிக்கச் சரியான இடமும், அந்த இடத்துக்குப் பொருந்திய கருவியும் இருந்தால் போதும். இந்த வாய்ப்பை முதலில் கண்டவர் டாட்டா நிலையத்தை நிறுவிய ஹோமி பாபா. அதை ஐம்பதாண்டு உழைப்பாக மாற்றியவர்களில் ஸ்ரீகண்டனுக்குத் தனி இடம் உண்டு.

கோலார்

1951-இல் பாபா அவரைக் கோலார் சுரங்கத்துக்கு அனுப்பினார். காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான்கள் பாறையை எவ்வளவு ஆழம் துளைத்துச் செல்கின்றன என்று அளப்பதே வேலை. அந்த அளவீடுகளே அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக அமைந்தன. வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. அந்த ஆழம் அவர்களுடைய உழைப்பில் உருவானது. இந்திய இயற்பியல் அவர்களுக்குப் பட்ட கடன் பெரிது.

பின்னர் எஸ். மியாக்கே, வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோர் இன்னும் கீழே இறங்கி அளந்தார்கள். மிக ஆழமான நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடக் கிடைக்கவில்லை. வெறுங்கையாகத் தோன்றிய இந்த முடிவுதான் அடுத்த கதவைத் திறந்தது. மேலிருந்து வரும் மியூவான்கள் அனைத்தையும் பாறை தடுத்துவிட்டால், அங்கே தென்படும் துகளுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பாறையைப் பொருட்படுத்தாமல் எத்திசையிலிருந்தும் ஊடுருவி வரும் நியூட்ரினோ, எப்போதாவது பாறையில் மோதி மியூவானைப் பிறப்பிக்கும்.

டாட்டா நிலையம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவின. கருவியின் அமைப்பிலேயே விடை பாதி அடங்கியிருந்தது. பிளாஸ்டிக் ஒளிர்வு உணரிகளைத் தரையில் படுக்கவைக்காமல், எதிரெதிரே இரண்டு சுவர்களாக நிறுத்தினார்கள். நடுவே துகளின் தடத்தைக் காட்டும் நியான் குழாய்கள். அவ்வளவு ஆழத்துக்குத் தப்பி வரும் சாதாரண மியூவான் ஏறக்குறைய நேர்செங்குத்தாகத்தான் விழும். ஆகவே இரு சுவர்களையும் கிடைவாக்கில் கடந்து செல்லும் துகளை நியூட்ரினோவின் கைவரிசை என்று துணிந்து சொல்லலாம். 1965-இல் அத்தகைய தடங்கள் பதிவாயின. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை முதன்முதலாகக் கண்டறிந்த செய்தி அவ்வாண்டு ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் வெளியானது, எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், மியாக்கே, வுல்ஃபெண்டேல் உள்ளிட்டோர் ஆசிரியர்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இதே தேடலில் இருந்த ஃப்ரெடெரிக் ரைன்ஸ் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது. அவர்களுடைய முதல் பதிவு பிப்ரவரி மாதத்திலேயே கிடைத்திருந்ததால் பெருமை இரு குழுக்களுக்கும் உரியது.

1980-இல் அதே சுரங்கத்தில் 140 டன் இரும்புக் கருவி ஒன்று இயங்கத் தொடங்கியது. புரோட்டான் என்றாவது சிதையுமா என்பதே கேள்வி. இதற்கென்றே கட்டப்பட்ட முதல் கருவிகளில் அது ஒன்று. சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்வுகளைக் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கோலார் ஆய்வுகள் நின்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமே மூடப்பட்டது. இந்தியாவின் ஒரே ஆழ்நில இயற்பியல் களம் இப்படிக் கைவிட்டுப்போனது ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதற்கு மாற்றாகத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் தேர்ந்த இடம் நீலகிரியில் மசினகுடி அருகிலுள்ள சிங்காரா. முதுமலைக் காட்டையும் யானை வழித்தடங்களையும் கருதி 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. பின் தேனி மாவட்டம் பொட்டிபுரத்துக்கு மாறிய திட்டம் மக்கள் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் சிக்கியது.

உதகை

கோலாரில் பாறை வேண்டியிருந்தது போல, இங்கே உயரம் வேண்டியிருந்தது. உதகை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர். விண்ணிலிருந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதிப் பல்லாயிரம் துகள்களாகப் பெருகி மழைபோல இறங்கும். சமவெளிக்கு வந்து சேருமுன் அதில் பெரும்பகுதி தேய்ந்துவிடும். மலையில் அது இன்னும் வலுவோடு இருக்கும்.

1950-களில் இங்கே தொடங்கிய ஆய்வகத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புரூனோ ராஸி குழுவோடு பணியாற்றித் திரும்பிய ஸ்ரீகண்டன், துகள்மழையை அளக்கும் உணரி வரிசையை வளர்த்தார். அன்றைய உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றான பல்தகட்டு முகிற்கூடமும் இங்கே இருந்தது. உலோகத் தகடுகள் அடுக்கடுக்காய் நிற்க, இடையே ஆவி நிறைந்த காற்று; துகள் ஒரு தகட்டில் மோதிச் சிதறியதும் அதன் வழியெங்கும் நுண்துளிகள் கோடாகப் படியும், உடனே படம் எடுக்கப்படும்.

உதகையில் அவர் செய்தவற்றுள் மிக நுட்பமானது, பி. வி. ரமணமூர்த்தி, எஸ். சி. தோன்வர் போன்றோருடன் நடத்திய ஹாட்ரான் ஆய்வு. துகள்மழையின் முன்வரிசை கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வரும். ஆற்றல் குறைந்த, எடை கூடிய புரோட்டான், நியூட்ரான் போன்ற ஹாட்ரான்கள் சில பத்து நானோநொடி பின்தங்கும். அந்தத் தாமதத்தை அளந்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகமான பிந்திய துகள்கள் கிடைத்தன. ஆற்றல் உயர உயர, மோதலில் நியூக்ளியானும் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) எதிர் நியூக்ளியானும் இணையாகப் பிறப்பது கூடுகிறது என்பதே பொருத்தமான விளக்கம். மாபெரும் முடுக்கிகளின் துணையின்றி, மலைமேல் காத்திருந்து பெற்ற முடிவு இது. அவருக்கு வந்த விருதுகளைவிட இந்த ஆய்வையே முதலில் சொல்ல வேண்டும்.

சீராகத் துடிக்கும் விண்மீன்களான பல்சார்கள் கண்டறியப்பட்டபின், காமா கதிர்கள் காற்றில் எழுப்பும் செரன்கோவ் ஒளியைக் கொண்டு அவற்றைத் தேடும் ஆய்வு 1969 வாக்கில் இதே மலையில் தொடங்கியது. பின்னர் அது மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்குப் போனது. ஐதராபாத்திலிருந்து பலூன் பறக்கவிட்டு எக்ஸ் கதிர் வானியலைத் தொடங்கியதிலும் ஸ்ரீகண்டனுக்குப் பங்கு உண்டு.

1988-இல் பத்மபூஷண் பெற்றார். ஓய்வுக்குப்பின் பெங்களூரில் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் அறிவியல் தத்துவம் பற்றியும் பிரக்ஞை பற்றியும் எழுதினார். 94-ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

தொடரும் ஆய்வகம்

உதகைக்கு வருவோர் முத்தோரையிலுள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ராஜ்பவன் பகுதியிலுள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தை அறிந்தவர் குறைவு. இன்று அங்கே கிரேப்ஸ்-3 என்ற இந்திய–ஜப்பானியக் கூட்டாய்வு நடக்கிறது. சுமார் 400 ஒளிர்வு உணரிகள் எட்டு மீட்டர் இடைவெளியில் பரவியுள்ளன. பக்கத்தில் இரண்டு மீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுக்கு அடியில் 3,712 எண்ணிகள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளமுள்ள சதுர எஃகுக் குழாய். உள்ளே வாயு, நடுவே முடியிழை போன்ற டங்ஸ்டன் கம்பி. கோலாரில் புரோட்டான் சிதைவுக்காகக் காத்திருந்த வகைக் குழாய்கள்தான் இங்கே மியூவான்களை எண்ணுகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி.

2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே கூடிய இடிமேகத்தினூடே வந்த மியூவான்கள் குறைந்ததை வைத்து, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்தார்கள். முகிற்கூடத்தைக் கண்டுபிடித்த சி. டி. ஆர். வில்சன் 1929-இலேயே ஊகித்திருந்த அளவோடு இது ஒத்துப்போகிறது. அதற்குமுன் அளக்கப்பட்ட உச்சம் இதில் பத்தில் ஒரு பங்குதான். 2015 ஜூன் 22-இல் சூரியப் புயலின்போது மியூவான்கள் இரண்டு மணி நேரம் பெருகியதிலிருந்து புவியின் காந்தப் பாதுகாப்பு சற்றே தளர்ந்ததைக் காட்டினார்கள். காஸ்மிக் கதிர்ப் புரோட்டான்களின் ஆற்றல் பரவலில் 166 டெரா எலெக்ட்ரான்வோல்ட் அருகே எதிர்பாராத ஒரு திருப்பம் இருப்பதை 2024-இல் இதே குழு வெளியிட்டது. அந்தத் திருப்பத்துக்குக் காரணமான மூலங்கள் எவை என்ற கேள்வி இப்போது ஆய்வில் இருக்கிறது.